அலுமினியத் தண்டும் வெப்பத்தின் வரவு செலவும்

ஒரு முனையில் சூடேற்றப்படும் உலோகத் தண்டு. வெப்பக் கடத்தலைப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் பார்க்கும் படம் இதுதான். இதைக் கணினியில் எழுத வேண்டும், நிஜத் தண்டு ஒன்றையும் தொங்கவிட்டு அளக்க வேண்டும், இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திட்டம் இவ்வளவுதான். இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். ஏழு ஆயின. சமன்பாட்டுக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. மீதி நாட்களெல்லாம் தண்டின் இரண்டு முனைகளுக்கும் மேல் தோலுக்கும்தான் போயின.

எடுத்துக்கொண்டது 6061 வகை அலுமினியக் கலவை. விட்டம் 12 மி.மீ., நீளம் 300 மி.மீ. இந்தக் கலவையின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 167 வாட். தூய அலுமினியத்துக்கு அது 237. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கையேட்டில் ‘அலுமினியம்’ என்று இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டால் தொடக்கத்திலேயே நாற்பது சதவீதம் தவறிவிடும். அடர்த்தி 2700, தன்வெப்பம் 896. கடத்துதிறனை இவை இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் வெப்பம் பரவும் வேகத்தைச் சொல்லும் எண் கிடைக்கிறது: நொடிக்குச் சுமார் 69 சதுர மி.மீ. தண்டின் நிறை 92 கிராம்; அதை ஒரு டிகிரி உயர்த்த 82 ஜூல் வேண்டும். இந்த 82 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிற்பாடு பல முறை காப்பாற்றியது அதுதான்.

குறியீடு எழுதுவதற்கு முன் அனுமானங்களை எழுதி வைத்தேன். முதல் அனுமானம், தண்டின் குறுக்கே வெப்பநிலை மாறவில்லை, நீளவாக்கில் மட்டும் மாறுகிறது என்பது. அதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? காற்றுக்குப் போகும் வெப்ப இழப்புக் கெழுவை (ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, எத்தனை வாட் போகிறது என்ற எண்) ஆரத்தால் பெருக்கி, கடத்துதிறனால் வகுத்தேன். இழப்புக் கெழுவைத் தோராயமாக 10 என்று வைத்தாலும் விடை 0.0004 அளவில்தான் வருகிறது. இதுதான் பியோ எண். 0.1-க்குக் கீழே இருந்தால் குறுக்கு வேறுபாட்டை மறந்துவிடலாம் என்பது வழக்கம். நாம் அதற்கும் வெகு கீழே இருக்கிறோம். இந்த எண்ணுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ, 1804-லேயே ஒரு முனையில் சூடாக்கிய உலோகத் தண்டைப் பற்றி எழுதியிருக்கிறார். சரியான சமன்பாடு அதன் பிறகு ஃபூரியேவிடமிருந்து வந்தது. அவருடைய நூல் 1822-ல் வெளியானது. இருநூறு ஆண்டுப் பழைய சோதனையைத்தான் திரும்பச் செய்கிறேன் என்று தெரிந்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

முதல் குறியீடு வெடித்த விதம்

தண்டை 10 மி.மீ. இடைவெளியில் 31 புள்ளிகளாகப் பிரித்தேன். எளிய வெளிப்படை முறைதான்: அடுத்த கணத்து வெப்பநிலையை இப்போதைய வெப்பநிலைகளிலிருந்து நேராகக் கணக்கிடுவது. ஒவ்வொரு புள்ளிக்கும்:

புதிய வெப்பநிலை = பழையது + ஆர் × (இடப்பக்கம் − 2 × பழையது + வலப்பக்கம்)

இதில் ‘ஆர்’ என்பது பரவல் எண்ணை (மேலே வந்த 69) காலப்படியால், அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தால், பெருக்கி, இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தது. காலப்படியை ஒரு நொடி என்று வைத்தேன். தண்டு சூடாக ஒரு மணி நேரம் ஆகிறதே, ஒரு நொடி சின்னதுதானே என்று தோன்றியது. ஓட்டினால் இருபது படிகளுக்குள் வெப்பநிலை வரைபடம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு புள்ளி ஆயிரக்கணக்கில், பக்கத்துப் புள்ளி எதிர்மறை ஆயிரக்கணக்கில். சற்று நேரத்தில் எண்களே இல்லை.

காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது. அடைப்பைப் பிரித்தால், புள்ளியின் பழைய வெப்பநிலைக்குக் கிடைக்கும் எடை ‘1 − 2 ஆர்’. என் கணக்கில் ஆர் 0.69. அப்படியானால் எடை −0.38. ‘இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறாயோ, அடுத்த கணம் அவ்வளவு குளிர்ந்திரு’ என்று குறியீடு சொல்கிறது. எந்த உலோகமும் அப்படி நடக்காது. அடுத்தடுத்த புள்ளிகளில் குறி மாறும் பிழை ஒவ்வொரு படிக்கும் 1.76 மடங்கு வளரும். ஆர் அரைக்கு மேல் போகக்கூடாது என்ற விதியைப் படித்தது நினைவில் இருந்தது. அதன் பொருள் அன்றுதான் கைக்கு வந்தது. 10 மி.மீ. இடைவெளிக்குக் காலப்படி 0.72 நொடிக்கு மேல் கூடாது. 1 மி.மீ. வேண்டுமென்றால் 0.0072 நொடி. இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்கினால் புள்ளிகள் பத்து மடங்கு, படிகள் நூறு மடங்கு. வேலை ஆயிரம் மடங்கு. காலப்படியும் இடைவெளியும் இப்படி ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் என்பதை, வேறு வகைச் சமன்பாடுகளுக்கு, கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-லேயே காட்டியிருந்தார்கள். மின்னணுக் கணினி வராத காலம் அது.

காலப்படியை அரை நொடியாக்கினேன். ரம்பம் மறைந்தது. அழகான வளைகோடு வந்தது. அழகாக இருக்கிறதே என்று நம்பியிருந்தால் அடுத்த தவறு கண்ணில் பட்டிருக்காது.

35 ஜூல் எங்கே?

காற்றுக்கு இழப்பே இல்லை என்று வைத்து, ஒரு முனையில் 5 வாட் கொடுத்து இரண்டு நிமிடம் ஓட்டினேன். உள்ளே போனது 5 × 120 = 600 ஜூல். வெளியே போக வழியில்லை. அப்படியானால் தண்டுக்குள் 600 ஜூல் இருந்தாக வேண்டும். 82-ஐ வைத்து, நீளவாக்கில் வெப்பநிலை உயர்வைக் கூட்டிப் பார்த்தேன். 565 பக்கம் வந்தது. 35 ஜூலைக் காணவில்லை.

இது வட்டமிடலால் வரும் பிழை அல்ல, ஆறு சதவீதம். இரண்டு மாலைகள் தேடினேன். கிடைத்தபோது எளிமையாக இருந்தது: முனையில் இருக்கும் புள்ளிக்கு இருபுறமும் உலோகம் இல்லை, ஒருபுறம் மட்டும்தான். அதன் பங்குக்கு வரும் உலோகம் அரைத் துண்டு. நானோ 31 புள்ளிகளுக்கும் முழுத் துண்டு கொடுத்திருந்தேன். அதாவது கணினியில் இருந்த தண்டு 300 மி.மீ. அல்ல, 310. சூடான முனையில் இல்லாத உலோகம் ஒன்று வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. முனைப் புள்ளிகளுக்கு அரைத் துண்டு என்று திருத்தியதும் கூட்டுத்தொகை 600-க்கு வந்து நின்றது, பத்தாவது தசம இடம் வரை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் ஒரு கணக்கு அச்சாகும்படி வைத்துவிட்டேன்: வரவு எவ்வளவு, காற்றுக்குச் செலவு எவ்வளவு, தண்டில் இருப்பு எவ்வளவு, மூன்றும் பொருந்துகின்றனவா. மளிகைக் கணக்கு எழுதுவது போலத்தான். வளைகோடு அழகாக இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. பொருந்தாத கணக்கு உடனே காட்டிக்கொடுக்கிறது. இந்தப் பதிவிலிருந்து யாராவது ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம் தெரிந்த விடையோடு ஒப்பிட்டேன். முதல் ஒரு நிமிடம் வரை வெப்பம் மறுமுனையை எட்டுவதில்லை. ஆகவே தண்டு முடிவில்லாமல் நீள்கிறது என்று வைத்து எழுதிய விடை அதுவரை செல்லும். அதில் சூடான முனையின் உயர்வு நேரத்தின் வர்க்கமூலத்தைப் போல் வளரும். 60 நொடியில் 19.2 டிகிரி. என் குறியீடு 10 மி.மீ. இடைவெளியிலேயே அரை டிகிரிக்குள் வந்தது. இடைவெளியை 5, 2.5 என்று பாதிப் பாதியாக்கிப் பார்த்ததில் விடைகள் நெருங்கி வந்து ஓரிடத்தில் நின்றன. இதற்கு மேல் வலையைப் பொடியாக்குவதில் பயனில்லை என்று தெரிந்தது. இப்போது குறியீடு தன் சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கிறது. சமன்பாடு நிஜத் தண்டைச் சொல்கிறதா என்பது தனிக் கேள்வி.

தண்டைத் தொங்கவிட்டது

தண்டில் ஐந்து சிறு துளைகள் போட்டேன்: சூடான முனையிலிருந்து 15, 75, 150, 225, 285 மி.மீ. தூரங்களில். ஒவ்வொன்றிலும் சிறு பாசிமணி அளவுத் தெர்மிஸ்டர் ஒன்றை (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் சென்சார்) எபாக்சிப் பசையால் ஒட்டினேன். அதற்கு முன் ஐந்தையும் ஒரே கட்டாகக் கட்டி, கலக்கிக்கொண்டே இருந்த வெந்நீரில் வைத்து ஒப்பிட்டேன். ஒரே நீரில் 0.8 டிகிரி வரை வேறுபட்டன. அந்தத் திருத்தங்களைக் குறித்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பின்னால் வந்த 1 டிகிரி வித்தியாசங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியே இருந்திருக்காது.

உலோக உறை போட்ட 10 ஓம் மின்தடை ஒன்றை ஹீட்டராக முனையில் இறுக்கி, கண்ணாடிக் கம்பளியால் சுற்றினேன். தண்டை இரண்டு மெல்லிய நூல்களில் கிடையாகத் தொங்கவிட்டேன். தாங்கிகள் வைத்தால் அவை வழியாகவும் வெப்பம் ஒழுகும். சுற்றிலும் தள்ளி அட்டை மறைப்பு. மின்விசிறி நின்றது. 7.1 வோல்ட், 0.705 ஆம்பியர், ஆக 5 வாட்.

முதல் நிமிடத்திலேயே ஒரு சிக்கல். முதல் சென்சார் கணிப்பைவிட 25 நொடி தாமதமாக எழுந்தது. ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் வெறும் உலோகத்தோடு உலோகம், நடுவே காற்று. ஹீட்டர் முதலில் தான் சூடாகி, அப்புறம்தான் தண்டுக்குக் கொடுத்திருக்கிறது. தெர்மல் பேஸ்ட் தடவி மீண்டும் இறுக்கினேன். தாமதம் 8 நொடியாகக் குறைந்தது. மீதியைக் குறியீட்டில் சேர்த்தேன்: ஹீட்டருக்குத் தனியாக ஒரு புள்ளி, அதற்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு வெப்பத்தடை. தொடக்கம் ஒட்டிக்கொண்டது.

ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் நிலைத்து நின்றபோது அறை வெப்பநிலைக்கு மேல் உயர்வு: முதல் சென்சாரில் 61 டிகிரி, நடுவில் 40, கடைசியில் 34. இழப்புக் கெழு 9 என்று வைத்திருந்த என் கணிப்பு முதல் சென்சாருக்கு 69 என்றது.

இங்கேதான் சபலம் வந்தது. கெழுவைக் கொஞ்சம் கூட்டினால் போதுமே? 10.8 என்று மாற்றினேன். முதல் சென்சார் அச்சாகப் பொருந்தியது. ஒரு சென்சார் மட்டும் வைத்திருந்தால் அந்த இடத்திலேயே வெற்றி என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் கடைசி சென்சாருக்குக் கணிப்பு 30 என்று இறங்கிவிட்டது, அளந்தது 34. ஒரு முனையை இழுத்துப் பொருத்தினால் மறுமுனை விலகுகிறது. கெழுவில் தவறு இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று தண்டே சொல்கிறது.

வரவுக் கணக்கில் இரண்டு தெரியாத எண்கள் கலந்துகிடந்தன: தண்டுக்குள் உண்மையில் எத்தனை வாட் போகிறது, காற்றுக்கு எவ்வளவு போகிறது. இரண்டையும் ஒரே சோதனையில் தேடினால் ஒன்றின் தவறை இன்னொன்று மறைக்கும். பிரித்தாக வேண்டும். அதற்கு வழி, ஆறவிடுவது. தண்டைச் சீராகச் சூடாக்கி, ஹீட்டரை முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஆறவிட்டால் வரவே கிடையாது, செலவு மட்டும்தான். அப்போது 82 ஜூலும் மேற்பரப்பும் நேரமும் போதும்.

ஆறவிட்டேன். உயர்வு 40-லிருந்து 20-க்கு இறங்க ஒன்பதரை நிமிடம். 20-லிருந்து 10-க்கு இறங்கப் பதினொன்றரை நிமிடம். கெழு மாறாத எண்ணாக இருந்தால் இரண்டு பாதியாதலுக்கும் ஒரே நேரம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முதல் கட்டத்தில் கெழு 8.6, இரண்டாவதில் 7.2. சூடான தண்டைச் சுற்றி வெப்பக் காற்று மேலே எழும் வேகம், வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறையத் தளர்கிறது. இயல்பான வெப்பச்சலனத்தில் கெழு, வித்தியாசத்தின் நான்காம் மூலத்தை ஒட்டி மாறும் என்று பாடத்தில் வருவது இதுதான். கதிர்வீச்சுக்கென்று 0.6-ஐ ஒதுக்கிவிட்டு மீதியைப் பார்த்தால், அந்த நான்காம் மூல விதிக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமாக இருந்தது. ஒரு தண்டையும் இரண்டு நூல்களையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இதைக் காண முடிந்தது என்பது இன்னும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இந்த விதியைக் குறியீட்டில் போட்டு, இம்முறை வாட்டை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 4.4 வாட் என்றபோது ஐந்து சென்சார்களும் ஒரு டிகிரிக்குள் வந்தன. அப்படியானால் 0.6 வாட் ஹீட்டரின் முதுகு வழியாகக் கண்ணாடிக் கம்பளியைத் தாண்டிப் போயிருக்கிறது. ஊகமாக விட மனமில்லை. இன்னொரு சுற்றுக் கம்பளி சுற்றினேன். முதல் சென்சார் கிட்டத்தட்ட 3 டிகிரி ஏறியது. அதற்கேற்ற வரவு 4.6 வாட், முதுகு வழிக் கசிவு 0.4 ஆகக் குறைந்திருந்தது. காணாமல் போன வெப்பம் இருக்கும் இடத்தைக் கையால் மூடிப் பிடித்த மாதிரி இருந்தது.

மறைமுக முறைக்கு மாறியது

கெழு ஒவ்வொரு புள்ளிக்கும் மாறுவதால் பல நூறு முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. வெளிப்படை முறை மெதுவாக இருந்தது. 1947-ல் கிராங்க், நிக்கல்சன் இருவரும் தந்த முறைக்கு மாறினேன். இது மறைமுக முறை: எல்லாப் புள்ளிகளின் புதிய வெப்பநிலைகளையும் ஒன்றாகச் சேர்த்தே தீர்க்க வேண்டும். அதில் காலப்படி எவ்வளவு பெரிதானாலும் வெடிக்காது. ஒவ்வொரு படியிலும் மூன்று மூலைவிட்டங்கள் மட்டும் கொண்ட அணியைத் தீர்க்க வேண்டும். முன்னே ஒரு நடை, பின்னே ஒரு நடை, முடிந்தது.

20 நொடிப் படி, 2.5 மி.மீ. இடைவெளி. வெடிக்கவில்லை. ஆனால் ஹீட்டரைப் போட்ட உடனே முனைப் புள்ளி ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று சில நிமிடங்களுக்கு ஆடியது. வெடிக்காது என்பது வேறு, ஆடாது என்பது வேறு. கூர்மையான பிழைகளை இந்த முறை அழிப்பதில்லை. குறியை மட்டும் மாற்றி, ஏறத்தாழ அதே அளவில் அடுத்த படிக்குத் தள்ளுகிறது. பின்னோக்கிய ஆய்லர் என்ற இன்னொரு மறைமுக முறை அவற்றை உடனே நசுக்கிவிடும், ஆனால் துல்லியம் குறைவு. ஹீட்டரைப் போட்ட பின் வரும் முதல் சில படிகளைப் பின்னோக்கிய ஆய்லரில் சின்னப் படிகளாக எடுத்து, அப்புறம் கிராங்க்–நிக்கல்சனுக்கு மாறினேன். ஆட்டம் நின்றது. வரவு செலவுக் கணக்கு இங்கேயும் பொருந்தியது.

கறுப்பு வண்ணம்

இதுவரை செய்ததெல்லாம் அளந்த பின் பொருத்தியது. அளப்பதற்கு முன்பே சொல்ல முடியுமா என்று பார்க்காமல் விட விருப்பமில்லை. பளபளப்பான அலுமினியம் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே உமிழும். மங்கல் கறுப்பு வண்ணம் பூசினால் உமிழ்திறன் 0.95 அளவுக்கு ஏறும். அறை வெப்பநிலையை ஒட்டிய நிலையில் அது கெழுவில் ஆறு, ஆறரை சேர்க்கும். காற்றோட்டம் தருவதற்கு ஏறத்தாழ சமமான இன்னொரு வாசல் திறக்கிறது.

வண்ணம் பூசும் முன்பே கணிப்பைத் தாளில் எழுதி, தேதி போட்டு வைத்தேன்: முதல் சென்சார் 46, நடு 25.5, கடைசி 19. அதே 5 வாட், அதே கம்பளி. பூசி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, ஒரு மணி நேரம் சூடாக்கினேன்.

47.5, 26.5, 20.

கணிப்பு மூன்றும் தாழ்வாக, ஒரே திசையில், மூன்று முதல் ஐந்து சதவீதம். முன்பு 64 இருந்த இடம் 47-க்கு இறங்கியதைக் குறியீடு முன்கூட்டியே சொல்லிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. மிச்ச வித்தியாசத்துக்காகக் கெழுவைத் திருக வேண்டாம் என்று முடிவு செய்து, ஹீட்டரைக் கழற்றிக் கறுப்புத் தண்டை மறுபடி ஆறவிட்டேன். ஆறிய வேகத்திலிருந்து கிடைத்த உமிழ்திறன் 0.87, நான் கையேட்டிலிருந்து எடுத்து வைத்தது 0.95. சூடேற்றிய சோதனையின் எண்கள் எதையும் தொடாமல், இந்த 0.87-ஐ மட்டும் மாற்றி ஓட்டினேன்: 47.2, 26.4, 19.8.